அந்த ஒரு லாரியைத் தவிர

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யிருந்தாலும் என் பல் அத்தனையும் கொட்டட்டும். மிச்சமிருக்கிற மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்து வருவது எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் தொழில். அதனால் பெயரே கொக்கிக்காரர். அவருடைய டீசல் லாரிக்கு இருபத்தாறு வயது. ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. பாலத்தில் நின்ற பஸ்ஸை ஒருமுறை இழுத்தபோது, பாலமே இரண்டடி கூட வந்தது.

ஆனால் மச்சினன் விடவில்லை.

“இன்னும் இந்தத் தகர டப்பாதானா மாமா? என் வண்டியில பெரிய டர்போ, புது சிப்பு, அகல சைலன்சர். மிதிச்சா பறக்குது! அடுத்த வாரம் நானும் கொக்கி மாட்டி உங்க தொழிலுக்கே வர்றேன். அப்புறம் உங்களை யாரு கூப்பிடுவா?”

அவ்வளவுதான், கொக்கிக்காரர் சாவியை எடுத்தார். நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு லாரியை விட்டார். அங்கே ஐந்து வண்டிகள் வயிறு திறந்து கிடந்தன.

“என் வண்டிக்கும் டர்போ பெருசாப் போடுங்க.”

மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

“மாட்டேன்.”

“என்ன கேட்டாலும் தர்றேங்க.”

“கோடி கொடுத்தாலும் இதுல ஸ்பேனர் வைக்க மாட்டேண்ணே. நல்லா ஓடுற இன்ஜினை நோண்டுறது பாவம். ஆயிலை மட்டும் ஒழுங்கா மாத்துங்க.”

“என் மச்சினனுக்குப் பண்ணீங்களே?”

“அவர் ஆசைப்பட்டார்.”

“நானும்தானே ஆசைப்படுறேன்!”

மெக்கானிக் மசியவில்லை. வருகிற வேலையை வேண்டாமென்கிற மனுஷனா! கொக்கிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தாம் நாள் மச்சினன் போன் பண்ணினான்.

“மாமா... ஒரு காரை இழுத்துட்டு வந்தேன். மேட்டுல வண்டி நின்னுடுச்சு. ஒரே புகை.”

“பறக்குதுன்னியே மாப்பிள்ளை, இறங்கிடுச்சா?”

கொக்கிக்காரர் போய் இரண்டையும் சேர்த்து இழுத்தார். ரயில் வருகிறதென்று எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

ஷெட் வாசலில் கொக்கியைக் கழற்றும்போதுதான் மச்சினன் வண்டிக் கண்ணாடியில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். ‘வண்டி நின்றால் அழைக்கவும்’. கீழே கொக்கிக்காரருடைய போன் நம்பர்!

“இதை யாருடா ஒட்டினது?”

“மெக்கானிக்தான் மாமா. மாத்திக் கொடுக்கிற எல்லா வண்டியிலயும் ஒட்டித்தான் வெளியே விடுவாரு.”

இந்த வருஷம் இழுத்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. பாதிக்கு மேல் இந்த ஷெட்டில்தான் இறக்கியிருக்கிறார்.

“ஏங்க, பாவம்னு சொன்னது இதுக்குத்தானா?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உங்க வண்டியிலயும் கை வச்சா, நான் கை வச்ச வண்டியெல்லாம் இங்க எப்படிண்ணே வந்து சேரும்?”

கொக்கிக்காரருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! விறுவிறுவென்று மச்சினனிடம் போனார். தோளில் கை போட்டார்.

“மாப்பிள்ளை, உன் சிநேகிதங்க யாருக்காவது வண்டியை மாத்தணும்னா இவர்கிட்டயே அனுப்பு. கைராசிக்காரர்!”

நான் சொன்னேனென்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். என் வண்டி இப்போது அந்த ஷெட்டில்தான் வயிறு திறந்து கிடக்கிறது.