குளிர் தாங்கும் ரெகுலேட்டர்

“மேடம், ஐஸ் மாதிரி தண்ணிக்குள்ள மூச்சு விட இந்த ரெகுலேட்டர்தான் சரி. சாதா ரெகுலேட்டர் உறைஞ்சுபோய், சிலிண்டர் காத்து மொத்தமும் கொட்டிடும்,” என்றார் டைவிங் கடைக்காரர்.

“இவர்கிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை தவறாம ஏரியில முங்குறவர் இவர்தான்,” என்றாள் மனைவி.

“பனிக்கட்டிக்கு அடியிலயே போயிருக்கேன். இதெல்லாம் எனக்கு அத்துப்படி,” என்று மார்தட்டினார் கணவர்.

கடைக்காரர் அதை ஒரு சிலிண்டரில் மாட்டி நீட்டினார். “அப்ப வாயில வச்சுப் பாருங்க சார்.”

கணவர் மிடுக்காகக் கவ்விக்கொண்டார். கடைக்காரர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவிதான் அதை மெல்ல உருவி, தலைகீழாக இருந்ததை நேராக்கி, மறுபடி அவர் வாயில் வைத்தாள்.

“குழாய் வலது தோள்பக்கமா வரணுங்க,” என்றாள்.

அவருக்குக் காதுமடல்வரை சுட்டது.

“உங்களோட சேந்து முங்கலாம்னு ஆசைப்பட்டு, நீங்க சொன்ன அதே கிளப்புல நானும் சேந்தேன். அங்க உங்களை ஒருத்தருக்கும் தெரியல,” என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. “இது எனக்குத்தான் வாங்குறேன். ஞாயித்துக்கிழமை எங்கதான் போறீங்க?”

“மூச்சு சுலபமா வருதா சார்?” என்றார் கடைக்காரர்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயிலிருந்து எடுத்தால் பதில் சொல்லியாக வேண்டுமே.