ஆறாவது பேட்டரி

பெட்ரோல் விலை ஏறிய வருஷம், மாங்காய் ஏற்ற மின்சார வண்டி செய்தார் முதலமடை மெக்கானிக் ரத்தினசாமி. அது ஓட ஆறு பேட்டரி வேண்டும். அலைந்ததில் ஐந்துதான் கிடைத்தது. ஆறாவதுக்கு ஆறு மாசம் ஆகுமாம். பர்மிட் அதிகாரியோ ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

"இன்னிக்கு ஓடினாத்தான் பர்மிட். இல்லேன்னா அடுத்த வருஷம்."

"ஓடுமுங்க சார். மொதல்ல நீங்களும் டிரைவரும் சாப்புடுங்க."

மாம்பழப் புளிசேரியில் கை நனைத்து இருவரும் வெளியே வந்தபோது, வண்டி சுற்றிச் சுற்றி ஓடியது. அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

"பேட்டரிக்கு இத்தனை தட்டுப்பாடு. உனக்கு மட்டும் எப்படிய்யா?"

"கவர்மென்ட் ஒத்தாசைதானுங்க."

அதிகாரி பூரித்துப்போய் ஜீப்பில் ஏறினார். டிரைவர் சாவியைத் திருகினார். மறுபடியும் திருகினார். ஜீப் முனகக்கூட இல்லை.

ரத்தினசாமி தன் வண்டியைப் பணிவாகப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறுங்க சார், ஆபீஸ் வரைக்கும் நானே உட்டர்றனுங்க."