வாரம் நூறு ரூபாய்

மகளின் வளர்ப்புச் செலவுக்காகக் கொத்தனார் கட்ட வேண்டும் என்று கோர்ட் சொன்ன தொகையில், பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். ஞாயிறுதோறும் மனைவி வீட்டு வாசலில் நின்று, சிமென்ட் காய்ந்த கையால் நூறு ரூபாயை நீட்டுவார்.

"என்ன மாப்ளே, இன்னிக்கும் நூறுதானா? உண்டியல்ல போடுற மாதிரி போடுறியே!" என்றான் மனைவியின் அண்ணன்.

"வேலை சரியா இல்ல மச்சான். அடுத்த வாரமும் வரேன்."

"வராதே. தங்கச்சிக்கு அலுத்துப்போச்சு. பாக்கியும் வேணாம், இனிமே எந்தப் பணமும் வேணாம்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டா. ஜட்ஜும் சரின்னுட்டார்."

கொத்தனார் இரண்டு கையையும் கூப்பினார். "ஐயோ மச்சான், கால்ல விழுறேன். தள்ளுபடி மட்டும் வேணாம். கட்டிடுறேன்."

"கிறுக்கா உனக்கு? கடன் போச்சுன்னா அவனவன் துள்ளிக் குதிப்பான்!"

கதவு சாத்திக்கொண்டது.

முழுத் தொகையும் போன வருஷமே சேர்ந்து, அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடந்தது. குடித்துவிட்டு வந்து கத்தியதற்காக, மகளைப் பார்க்கவே கூடாது என்று தடை போட்ட நீதிபதி, பணம் கொடுக்க மட்டும் வாசல் வரை வரலாம் என்றிருந்தார். நூறு ரூபாயை நீட்டும் அந்த நேரத்தில், உள்ளே வீட்டுப்பாடம் எழுதும் மகள் ஒருமுறை தலை நிமிர்ந்து பார்ப்பாள்.

இனி அவர் யாருக்கும் ஒரு பைசா பாக்கியில்லை.