பார்ப்பவர்கள்: 1

"லிங்கை இன்னும் யாருக்கும் அனுப்பவே இல்லையே, யாரு அந்த ஒருத்தர்?"

சேஷன் லேப்டாப் திரையைக் குனிந்து பார்த்தார். காலி மணமேடையின் படத்துக்குக் கீழே 'பார்ப்பவர்கள்: 1' என்றிருந்தது.

"என் ஒய்ஃபோட போன் சார்," என்றான் ப்ரசன்னா. "படம் வெளிய ஒழுங்கா போறதான்னு தெரியணும் இல்லையா."

"ஓ, ஆத்துலேர்ந்தே செக்கிங்கா? பேஷ்."

ப்ரசன்னா ஒயரைச் சுருட்டினான். எல்லா வேலை நாளும் ஒரே மாதிரிதான். அன்றும் நாலரைக்கு எழுந்திருந்தான். பால் காய்ச்சிக் காபி குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அவள் போனைச் சார்ஜரில் போட்டு, அன்றைய ஒளிபரப்புப் பக்கத்தைத் திறந்து, சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்தினான். கேமரா பையை மாட்டினான். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.

டெல்லி ஜனக்புரியில் சேஷனின் இளைய மகள் சுபாஷிணிக்குக் கல்யாணம். மூத்தவள் ஜ்யோத்ஸ்னா சிகாகோவில் எட்டு மாதக் கர்ப்பம். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்காகத்தான் இந்த நேரடி ஒளிபரப்பு.

சேஷனின் மனைவி அம்புஜம் பட்டுப்புடவை சரசரக்க வந்தாள்.

"இந்தச் சின்னப் பொட்டிதான் சிகாகோ வரைக்கும் அனுப்பறதா?"

"ஆமா மாமி. என்கோடர். கேமராலேர்ந்து படமும் சத்தமும் இதுக்குள்ள வரும். இது சுருக்கி இன்டர்நெட்ல ஏத்தும்."

"படத்தை அவ அப்பறம் ஆல்பத்துல கூட பாத்துப்பா. கெட்டிமேளம் அவ காதுல விழணும். நேத்திக்கு ராத்திரி முழுக்க போன்ல அழுதா."

"விழும் மாமி."

மைக்செட்காரர் ஒரு ஒயரை நீட்டினார். "பையா, யே லோ, ஆடியோ." ப்ரசன்னா அதைக் கேமராவில் செருகினான். மண்டபத்து நெட் மந்தமாக இருந்ததால் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தான். லிங்க் போனது. எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. முதல் ஆளாக வந்தது ஜ்யோத்ஸ்னா என்று சேஷனே அறிவித்தார்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது.

ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. பெட்டியின் விளக்கு சிவப்பாக மினுங்கி, பச்சையானது. திரையில் மணமேடை மறுபடி தெரிந்தது.

"அப்பாடா, வந்துடுத்து," என்றார் சேஷன்.

"படம்தான் சார் வந்திருக்கு. சத்தம் வராது."

"யாரு சொன்னா?"

"என் ஒய்ஃப்."

சேஷன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க போனே எடுக்கலையே?"

"முன்னாடியே சொல்லிட்டா."

அதற்குள் அவன் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்திருந்தான். அணைந்து எரிந்தால் அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம். கேமரா வழியாக வரும் சத்தத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒயரே செருகாத ஓட்டையைக் கேட்டுக்கொண்டிருக்கும். படம் ஜோராக ஓடுவதால் மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. மாற்றி விட்டான். திரையோரத்தில் செத்துக் கிடந்த இரண்டு பச்சைக் கோடுகள் நாதஸ்வரத்துக்குத் துள்ள ஆரம்பித்தன.

"எங்காத்துலயும் இப்படித்தான்," என்றார் சேஷன். "நல்லதைச் சொல்ல மாட்டா. தப்பு மட்டும் மொதல்ல கண்ணுல படும்."

"நல்லதும் சொல்றேன், உங்க காதுலதான் விழறதில்லே," என்றாள் அம்புஜம், மேடைக்கு ஓடிக்கொண்டே.

தாலி ஏறியது. கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்தது. அரை நிமிடம் கழித்து அம்புஜத்தின் போன் அடித்தது. ஒளிபரப்பு அவ்வளவு தாமதமாகத்தான் போய்ச் சேரும். போனுக்குள் ஜ்யோத்ஸ்னாவின் வீட்டில் மேளம் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. "கேட்டுதும்மா," என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு அவன் பையைத் தூக்கியபோது அம்புஜம் ஒரு தாம்பூலப் பையோடு வழிமறித்தாள்.

"மஞ்சள் குங்குமம், ரவிக்கைத் துணி. உங்க ஆம்படையாளுக்கு. அவ சொல்லலைன்னா என் பொண்ணு ஊமைக் கல்யாணத்தைன்னா பாத்திருப்பா? சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கட்டாயம் அழைச்சிண்டு வாங்கோ."

"வர மாட்டா மாமி."

"ஏன், வேலை வாங்கிட்டு வெளியவே கூட்டிண்டு போறதில்லேன்னு கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"பேர் என்ன?"

"சுபிக்ஷா."

"நன்னா இருக்கட்டும்," என்றாள் அம்புஜம்.

மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்தான். பூட்டைத் திறந்தான். கவிழ்த்த தம்ளர் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. போன் திரையில் 'ஒளிபரப்பு முடிந்தது' என்றிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினான்.

ரவிக்கைத் துணியை அலமாரியில் வைத்தான். அங்கே ஏற்கெனவே பதினொன்று இருந்தன, ஒன்றுகூடத் தைக்கப்படாமல்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், இதே சமையலறை மேடையருகே நின்று, இதே போனில் கூப்பிட்டு சுபிக்ஷா அவனிடம் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "கரண்ட் போய் வந்துதா? படம் வருது, சத்தம் வரல, என்னன்னு பாரு. எனக்குத் தலைய வலிக்கறது, கொஞ்சம் படுத்துக்கறேன்."