மாமனாருக்கு ஒரு குளம்

"படிக்கட்டு வேண்டாங்க. சரிவா போட்டுடுங்க" என்றாள் மகள்.

பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்குச் சுருக்கென்றது.

சரிவாம். படி இறங்கக்கூட வக்கில்லாதவனாகிவிட்டேனா நான்?

நீச்சல்குளம் விற்க வந்தவர் தோட்டத்தில் டேப்பை இழுத்து அளந்துகொண்டிருந்தார். மறுமுனையை மகள் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை மூலைக்கு மூலை செங்கல் வைத்து அடையாளம் செய்தார். மூன்று பேரில் ஒருவராவது திரும்பி, 'நீங்க என்ன சொல்றீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காவிட்டால் தெரியாதா? போன வாரம் மகள் போனில் யாரிடமோ சொன்னதை அவர் காதாரக் கேட்டார்.

"டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்காது, வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில தினம் நடக்க வச்சா மூட்டு இளகும்னு."

தண்ணீர் குடிக்கப் போனவர் குடிக்காமலே திரும்பி வந்தார். யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்த முட்டி டாக்டர், மகளிடம் போட்டுக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. துரோகி.

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர் அவர். மலை மாதிரி கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தவர். அவரை இடுப்பளவு வெந்நீரில் நடை பழக்கப் போகிறார்களாம்.

அதுவும் மாப்பிள்ளை காசில்.

மனைவி போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு வைராக்கியத்தோடுதான் வந்தார். சோறும் படுக்கையும் சரி. அதற்கு மேல் மாப்பிள்ளை கையிலிருந்து ஒரு சல்லிக்காசு வாங்குவதில்லை. மாத்திரை தன் பென்ஷனில்தான். முட்டிக்குப் போடும் பட்டையும் அப்படித்தான், வேட்டிக்குள் மறைத்துக் கட்டிக்கொள்வார். வலிக்கிறது என்று இதுவரை வாயைத் திறந்ததில்லை.

குளக்காரர் ஸ்டூலின் மேல் இரண்டு சுவர்த் துண்டுகளை எடுத்து வைத்தார்.

"இது சாதா இரும்பு பேனல். சூடு நிக்காது. இது நடுவுல நுரை வச்சது, ஃபிளாஸ்க் மாதிரி. சாயங்காலம் சூடு பண்ணினா மறுநாள் வரைக்கும் கை பொறுக்கற சூட்டுல இருக்கும். விலை கால் பங்கு கூட வரும். ஆனா கரண்ட் பில்லுல மிச்சமாயிடும்."

"நுரை வச்சதே போடுங்க. குளிர்ந்தா ஆகாது, கால் விறைச்சுப் போயிடும்" என்றாள் மகள்.

கால் பங்கு கூட! தக்காளிக்காரனைப் பேரம் பேசியே அழ வைக்கிறவள், இதற்கு மறுபேச்சு பேசவில்லை. பெற்றவனைக் காட்டிக் கட்டினவனைக் கடனாளியாக்குகிறாளே!

நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த கறுப்பு நாயிடம் குனிந்து முறையிட்டார்.

"தண்ணிக்குக் கம்பளி போத்தறாங்கடா. பாத்தியா அநியாயத்தை?"

நாய் பெருமூச்சு விட்டது. அதற்காவது புரிந்ததே.

"உள்ள விரிக்கற ஷீட்டு எப்படிங்க?" மகள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். "நகம் பட்டா கிழிஞ்சிடுமா?"

நகம்!

அப்பா இரண்டு கால்களையும் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதான் வெட்டினார். முட்டி மடங்காததால் இடது கால் மட்டும் பாக்கி. அதைக்கூடவா ஊரான் முன்னால் ஏலம் போடுவாள்?

"கெட்டி ஷீட்டு இருக்குங்க. அது தனி விலை..."

"அதையே போட்டுடுங்க" என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான். அப்பா எழுந்துவிட்டார். முட்டி மளுக்கென்றது.

"நிறுத்துங்க! யாரைக் கேட்டு இதெல்லாம்? மாப்பிள்ளை, நீங்க தங்கமானவர், இல்லேங்கலை. அதுக்காக? நான் செத்தாலும் அந்தத் தண்ணியில காலை வைக்க மாட்டேன். டாக்டர் ஆயிரம் சொல்லட்டும்!"

டேப் சர்ரென்று தன் கூட்டுக்குள் ஓடியது. குளக்காரர் வானத்தைப் பார்த்தார்.

மகள் மெல்ல அருகில் வந்தாள்.

"நீங்க எப்பப்பா டாக்டர்கிட்ட போனீங்க?"

அப்பா விழித்தார்.

"காலு வலிக்குதா உங்களுக்கு? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

மாப்பிள்ளைதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இது... கறுப்பனுக்கு, மாமா. பின்னங்கால் மூட்டு தேஞ்சு போச்சாம். ராத்திரியெல்லாம் முனகினான், அதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

தன் பெயரைக் கேட்ட நாய் வாலால் தரையைத் தட்டியது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை.

அப்பாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

நாய்க்கு! ஒரு மனிதன் குத்துக்கல்லாட்டம் நடுவாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு நாய்க்கு நுரைச் சுவர், நாய்க்கு வெந்நீர், நாய்க்குக் கெட்டி ஷீட்!

மகளின் கண்கள் அவருடைய வேட்டியில், முட்டிக்கு நேரே புடைத்துத் தெரிந்த இடத்தில் நின்றிருந்தன.

அவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய் குளக்காரர் முன்னால் நின்றார். நுரை வைத்த துண்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்னய்யா குளம் கட்டற? மனுஷன் இறங்க வழி வேண்டாமா? அந்தப் பக்கம் நாலு படி வை" என்று அதட்டினார். "கைப்பிடியோட. கைப்பிடிக்குக் காசு நான் குடுப்பேன்."