ஏழாம் நம்பரின் நாடி

கொட்டும் மழையில் அந்தப் பெண் குடிசை வாசலில் இருபது நிமிடமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே வேவு பார்த்தார்கள்.

"நகரவே மாட்டேங்கறா சார்" என்று கிசுகிசுத்தார் இசைக்காரர்.

"நகராட்டி போறா. துடிப்பு எவ்ளோ?" என்றார் முதலாளி.

"அறுபத்திரண்டு."

"இதுக்கு முன்னாடி வந்த ஆறு பேரும் எண்பதுக்குக் கீழ இறங்கவே இல்லய்யா!"

மழையில் நின்றவள் திரையில் இருந்த பொம்மை. அவளை நகர்த்த வேண்டிய ஏழாம் நம்பர், நடைபாதைக் கோடியில் சாத்திய அறைக்குள், மணிக்கட்டில் நாடி பார்க்கும் பட்டையோடு தனியாக இருந்தாள். சோதனை முடியும் வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, செல்போன் வரவேற்பறையில், இதெல்லாம் விதி.

'சோம்பல் தோட்டம்' என்பது அந்த வீடியோ கேமின் பெயர். செடி நடலாம், தண்ணீர் ஊற்றலாம், பேசும் ஆட்டோடு அரட்டை அடிக்கலாம். வில்லன் இல்லை, கடிகாரம் இல்லை, தோற்கவே முடியாது. ஆடுகிறவர்களின் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக, அந்த அலுவலகத்தில் நாலு வருடமாக ஒருவரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனதில்லை.

"இன்னிக்கு ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இரு" என்று ஆடு சொல்வதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார் முதலாளி. அதற்குக் கீழேயே அந்த வாரம் முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் தொங்கியது. அவருக்குக் குக்கர் என்று பெயர். ஏன் என்று கேட்பவர்கள், அவர் கத்தும்போது பக்கத்தில் நின்றிருக்க மாட்டார்கள்.

இன்று குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை. எப்போது அடிக்குமோ என்று இசைக்காரர் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இசை, ஓவியம், வசனம். மூணுல ரெண்ட இழுத்து மூடப்போறேன். எதனால ஜனங்களுக்கு நிம்மதி வருதோ, அது தப்பிச்சுது" என்று காலையிலேயே அறிவித்திருந்தார்.

இசைக்காரர் ஏழாம் நம்பரின் படிவத்தை நாலாவது தடவையாகப் புரட்டினார். வயது ஐம்பத்து மூன்று. இல்லத்தரசி. வீட்டில் எட்டுப் பேர். கேம் பழக்கம் இல்லை. இசையில் ஆர்வம் உண்டா என்று ஒரு கேள்வி சேர்க்கத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"மழைச் சத்தத்தக் கேட்டுட்டு நிக்கறாங்க சார். அந்தச் சத்தத்துக்காக ரெண்டு மழைக்காலம் தகரக் கொட்டகைல கெடந்தேன்."

"கொட்டகைல கெடந்தா ஆச்சா? அவங்க பாக்கறது என் வானத்த" என்றாள் ஓவியக்காரி. "அந்தச் சாம்பல் நெறத்தப் பதினோரு தடவ மாத்தினேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் அடங்குங்க" என்றார் வசனகர்த்தா. "பக்கத்துல ஆடு நிக்குதா இல்லியா? அது அடுத்து என்ன சொல்லப்போகுதுன்னு காத்திருக்காங்க."

"எதுக்குச் சண்ட? ஒவ்வொண்ணா புடுங்கிப் பாத்துடுவோம்" என்றார் குக்கர்.

முதலில் இசை. பெற்ற பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல் இசைக்காரர் தன் கையாலேயே சத்தத்தை நிறுத்தினார். ஏறு, ஏறு, தாயே ஏறு என்று எண்ணை முறைத்தார்.

"அறுபத்தொண்ணு!" ஓவியக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மியூசிக் போனதும் ஒண்ணு கொறஞ்சிருக்கு சார்."

அடுத்து வானம் போயிற்று, கூடவே மழை, செடி, குடிசை எல்லாம். அறுபத்தொன்று. ஓவியக்காரியின் சிரிப்பும் போயிற்று. ஆடு, பேச வாயைத் திறந்தபடியே மறைந்தது. அறுபது.

"திரையையே அணைங்கய்யா!"

அணைத்தார்கள். அறுபது, ஆணி அடித்த மாதிரி நின்றது. குக்கரும் தன் கையில் அதே பட்டையைக் கட்டியிருந்தார். அதில் நூற்றுப் பதினெட்டு.

விசில் அடித்தது. "நாலு வருஷம்! நிம்மதி நிம்மதின்னு என் உசுர வாங்கினீங்களே! ஒருத்தராலயும் ஒரு பிரயோசனமும் இல்ல. மூணு பேரும் கெளம்புங்க!"

"சார், ஒரே ஒரு தடவ அவங்களையே கேட்டுடறேன் சார்!" பதிலுக்குக் காத்திராமல் இசைக்காரர் நடைபாதையில் ஓடினார். வீட்டில் போய் என்னவென்று சொல்வது? கடைசிக் கதவைப் படபடவென்று தட்டினார்.

"அம்மா!"

"நூத்திப் பத்து!" என்று பின்னாலிருந்து ஓவியக்காரி அலறினாள். "சார், எகிறிடுச்சு!"

உள்ளே நாற்காலி தடாலென்று நகர்ந்தது. "இதோ வந்துட்டேன்பா, வந்துட்டேன்!" கதவு திறந்தது. ஒரு கை அவிழ்ந்த கொண்டையை முடிய, ஒரு கால் செருப்பைத் தேட, வாசலில் வந்து நின்றாள் அந்த அம்மாள். பின்னால் மேசையில் ஹெட்போனும் கன்ட்ரோலரும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன.

அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இசைக்காரர் இல்லை. "எதும்மா உங்களுக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்கம்மா. என் பொழப்பே உங்க வாய்லதான் இருக்கு."

அவள் மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் விழித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி, நான் அதத் தொடவே இல்ல. கதவச் சாத்திட்டுப் போனீங்களா..." குரலைத் தாழ்த்தினாள்.

"அரை மணி நேரமா என்ன யாருமே கூப்பிடல!"