முடி காணிக்கை

நறுமுகைக்கு ஊசி போட்ட டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். புற்றுநோய் செல் இனிப் பிரிந்து பெருகாது. ஆனால் உடம்பில் வேறு எந்தச் செல்லும் பெருகாது. குழந்தை ஆறு வயதிலேயே நின்றுவிடும், சின்னக் கீறல் விழுந்தாலும் ஆறாது. மகள் உயிரோடு இருந்தால் போதுமென்று பூங்கோதை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டு ரோஜாச் செடியைப் பிடுங்கி எறிந்தாள். பூனையை விரட்டினாள். மகளைச் சைக்கிள் பக்கமே விடவில்லை.

பிழைத்தால் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். முடி திரும்ப முளைக்காது என்று தெரிந்தேதான் போனாள். முருகனுக்குத்தானே, போகட்டும்.

பாதி மொட்டையில் நறுமுகை கூச்சம் தாங்காமல் சிரித்துத் தலையைத் திருப்பினாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா, லேசா கத்தி பட்டுருச்சு. சந்தனம் பூசுனா நாளைக்கே ஆறிரும்" என்றார் முடியெடுப்பவர்.

அது கத்தி என்பதே அப்போதுதான் பூங்கோதைக்கு உறைத்தது.

ஆடியில் போட்ட மொட்டை. தை பிறந்துவிட்டது. இன்னமும் தினம் காலையில் சந்தனம் அரைக்கிறாள்.

"இன்னும் ஆறலியாம்மா?"

"ஆறிரும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே பூசுகிறாள். பூசி முடிப்பதற்குள் சந்தனத்தின் நடுவே சிவப்பு ஊறிவிடுகிறது.